ஒன்றாம் எண் வில்லை

அன்புள்ளவளுக்கு,

இதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நேரில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய்.

சனிக்கிழமைதோறும் கார்ப் பந்தயத் திடலின் வாசலில் நீ துணிப்பையை நீட்டுகிறாய். ஓட்டுநர்கள் அதற்குள் கைவிட்டு, எண் பொறித்த உலோக வில்லையை ஆளுக்கொன்றாக எடுக்கிறோம். எண் சிறியதென்றால் தகுதிச் சுற்றில் முன்வரிசை. எங்களோடு ஓட்டும் வெர்னுக்கு ஐந்து வாரமாக ஒன்றாம் எண். எனக்குக் கடைசி வரிசைப் புழுதி.

"பொண்டாட்டியே பையப் புடிச்சும் உனக்கு இந்த கதியாடா?" என்றான் இன்னொரு ஓட்டுநன் கிளேட்டன். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஐஸ்கட்டி எடுக்க ஃப்ரீஸரைத் திறந்தேன். மக்காச்சோளப் பொட்டலத்துக்கு அடியில் ஒன்றாம் எண் வில்லை இருந்தது. தொடாமல் மூடிவிட்டேன்.

அதனால்தான் நேற்று வரிசையில் வெர்னுக்கு முன்னால் போய் நின்றேன். பைக்குள் எல்லா வில்லைகளும் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் சில்லென்றிருந்தது. அதை எடுத்தேன்.

"அட, இன்னிக்கு உங்களுக்கா!" என்றாய்.

முன்வரிசையில் கிளம்பினேன். வென்றேன். ஆனால் "உங்களுக்கா" என்று சொன்னபோது நீ என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற வெர்னைப் பார்த்தாய், மன்னிப்புக் கேட்பதுபோல.

வில்லையை நான் திருப்பித் தரவில்லை. இந்தக் கடிதத்தின் மேல் இருக்கிறது. இப்போது அதில் குளிர்ச்சி இல்லை.

இன்றுவரை,
உன் கணவன்