தூக்குகிறவள் நான்

2014 அக்டோபர் 14, செவ்வாய்

தேரூர் குளத்தில் கூழைக்கடா வந்து இறங்கியிருக்கிறது. இந்த வருடம் முந்தியே வந்துவிட்டது. மகன் விபின் போன லீவில் தந்த கேமராவில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் தண்ணீரில் சிந்திய சோற்றுப் பருக்கை. அது என் பக்கத்தில் வராது. நான் தண்ணீருக்குள் போக முடியாது. அப்படியானால் நீள லென்ஸ்தான். தீர்மானம் பண்ணியாயிற்று.

அக்டோபர் 18, சனி

நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பகவதியப்பனிடம் போனேன். நம் சபைக் கல்யாணங்களுக்கெல்லாம் படம் எடுப்பவர். முந்நூறு எம்.எம். லென்ஸைக் கையில் தந்தார். அடக்கமாக, இலேசாக இருந்தது. தெருவுக்கு அப்புறம் கம்பியில் இருந்த காக்கையை அதில் பார்த்தேன். போதாது. அறுநூறு வரை நீள்கிற ஜூம் ஒன்று புதிதாக வந்திருக்கிறதே என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அக்கா, அது ரெண்டு கிலோ. ஆம்பிளைகளே ஸ்டாண்டு போட்டுத்தான் வைப்பாங்க. இத எடுங்க, கைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது."

கேஸ் சிலிண்டரை அடுக்களைக்குள் உருட்டி வைப்பது யாராம்? அப்போது யாரும் என் மனசைப் பற்றிக் கேட்டதில்லையே. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

இரண்டு கிலோ என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம் என்று அம்மிக் குழவியைத் தராசில் வைத்தேன். கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நல்லது. மொட்டைமாடியில் நின்று, இடது கையால் அடியில் தாங்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, கண்ணுக்கு நேரே பிடித்தேன். முதலில் ஆடியது. மூச்சை மெள்ள விட்டால் ஆட்டம் நிற்கிறது.

பக்கத்து வீட்டு கிருஷ்ணமணி அக்கா துணி காயப்போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஜெபா, அதுக்குள்ள என்னட்டி தெரியுது?"

கூழைக்கடா என்றேன். ஈரத்துணியோடு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

விபின் கத்தாரிலிருந்து போன் பண்ணினான். ஜூம் இல்லாத நானூறு ஒன்று இருக்கிறதாம், எடையும் குறைவாம், படமும் கூர்மையாம். ராத்திரி முழுக்க யோசித்தேன். நாரை தூரத்தில் நிற்கும்போது அறுநூறு வேண்டும். அதுவே எழும்பித் தலைக்கு மேலே வரும்போது நூற்றைம்பதுக்குக் குறுக்காவிட்டால் இறக்கை வெட்டுப்பட்டுப் போகும். பறவை எனக்காக இடம் பார்த்து நிற்கவா போகிறது? ஜூம்தான் என்று சொல்லிவிட்டேன். காசு என் தையல் காசு. அந்தக் கணக்கு வேறு நோட்டில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

டிசம்பர் 5, வெள்ளி

விபின் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தான். அவனோடு லென்ஸும் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வீட்டுக்காரர் கையில் வாங்கி, பஸ் ஓட்டிய காலத்து நினைப்பில், கியர்பாக்ஸில் இருந்து கழற்றினது மாதிரி இருக்கிறது என்றார். அவருடைய அக்கா ராஜபாய் மைனி, பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் பொம்பிளைக்குப் பீரங்கி எதற்கு என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார்.

"விபின் ஜனவரி பத்துக்குத் திரும்புவான். அதுக்குள்ள ஒனக்குத் தூக்க முடியல்லன்னா அவன் கொண்டு போயி சின்னதா மாத்தட்டும். கத்தார்க் கடைக்காரன் சம்மதிச்சிருக்கான்."

தலையை ஆட்டினேன். கேட்டது என்பதற்கு ஆட்டினேன், சரி என்பதற்கு அல்ல.

டிசம்பர் 7, ஞாயிறு

அதிகாலை இராப்போசன ஆராதனை. முடிந்ததும் அதற்கென்று உடுத்திருந்த வெள்ளைச் சேலையோடு நேரே குளத்துக்குப் போனேன். கொக்குகள் நிற்கிற இடத்தில் நானும் வெள்ளையாய் நின்றால் இன்னொரு கொக்கு என்று விட்டுவிடும் என்று ஒரு நினைப்பு. என் புத்தி! முந்தானை காற்றில் ஒரு தடவை படபடத்தது. கரை முழுக்கக் காலி. நீர்க்காகம்கூட மிச்சமில்லை.

எத்தனை வருடமாக இந்த வெள்ளையைக் கட்டி ஆண்டவர் முன்னால் போகிறேன். அவருடைய பறவைகளுக்கு மட்டும் ஆகவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

அவருடைய பழைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு போனேன். காய்ந்த வைக்கோலோடும் சேற்றோடும் சேர்ந்துபோகிற நிறம். வரப்பில் குத்தவைத்து இருந்தேன். நத்தைகுத்தி நாரை ஒன்று என்னைச் சட்டை செய்யவே இல்லை. அதன் அலகு நடுவில் சேராமல் இருக்கும், அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்துப் பச்சை தெரிகிற மாதிரி படம் விழுந்தது. முந்நூறில் இது வந்திருக்குமா? வராது.

திரும்பும்போது மைனி பார்த்துவிட்டாள். வீட்டுக்கு முன்பே சேதி வந்து உட்கார்ந்திருந்தது.

"முப்பது வருசம் நான் போட்டு மரியாத வாங்கின சட்டை. அத மாட்டிக்கிட்டு நீ வயலு வயலா நடக்கியா?"

"அதுல மரியாத கொறஞ்சிருந்தா சொல்லுங்க, தொவச்சுத் தாறேன்."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் சாப்பிட்டேன். மீன்கறி நன்றாகவே இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆலய வாசலில் வைத்து மைனி, ஓய்வுநாளில்கூடக் குளக்கரையாமே என்றாள். ஆகாயத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னது ஆண்டவர்தானே மைனி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணை மூடச் சொன்னாரா என்று கேட்டேன். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

டிசம்பர் 20, சனி

இடது தோள். தலை பின்னக் கை எழும்பவில்லை. கொட்டஞ்சுக்காதித் தைலம் தேய்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லென்ஸ் போய்விடும்.

டிசம்பர் 26, வெள்ளி

சுனாமி வந்து பத்து வருடம். மணக்குடிக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தோம். கேமராவை எடுக்கவில்லை.

டிசம்பர் 31, புதன்

தோசைக்கு மாவு கோரவே வலிக்கிறது. இருந்தும் காலையில் குளத்துக்குப் போனேன். ஏழெட்டுப் படம். எல்லாம் ஆடியிருக்கிறது. நான்தான் தப்போ? வயசுக்கு மீறின சாமானோ? — இல்லை. கேட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

2015 ஜனவரி 4, ஞாயிறு

காக்கிச் சட்டையில் தைல வாடையை அவர் பிடித்துவிட்டார். விபின் முன்னால் வைத்தே கேட்டார், எத்தனை நாளாக என்று. இரண்டு வாரம் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

விபின் எழுந்து போய் லென்ஸின் பெட்டியை எடுத்துவந்தான். "தா அம்மா, நான் மாத்திக் கொண்டு வாறேன். சின்னதுலயும் நல்லா வரும்" என்றான். அதட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிள்ளை பாசமாகக் கேட்கிறான். ஒரு நிமிடம் கை பெட்டிப் பக்கம் போய்விட்டது, உண்மையைச் சொன்னால். அப்புறம் வாயே முந்திக்கொண்டது.

"மக்கா, ஒன்னத் தூக்கிச் சொமந்தப்பவும் எனக்கு இடுப்பு வலிச்சுது. ஒன்ன மாத்தவா செஞ்சேன்?"

விபின் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

தோள் என்னுடையது. வலியும் என்னுடையது. லென்ஸும்.

ஜனவரி 10, சனி

விபின் போனான். அவன் பெட்டியில் அச்சுமுறுக்கும் நேந்திரங்காய் வற்றலும் போயின. லென்ஸ் அலமாரியில் இருக்கிறது. அவருக்குப் பேச்சே குறைந்திருக்கிறது. கோபமா, என்ன என்று தெரியவில்லை.

ஜனவரி 17, சனி

டாக்டர் சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி சொல்லித் தந்தார். பாரம் தூக்கி நிறுத்திப் பிடிக்கக் கூடாதாம் கொஞ்ச நாளைக்கு. பகவதியப்பனிடம் ஸ்டாண்டு இரவல் வாங்கி வரப்பில் ஊன்றினேன். சேற்றில் ஒரு கால் ஒரு பக்கமாய் இறங்குகிறது. லென்ஸோடு சாய்ந்தே போயிற்று, மார்போடு பிடித்துக்கொண்டேன். இரவல் ஸ்டாண்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாயிற்று.

வேறு வழி இருக்கும். நீர் தராமல் உம்மை விடமாட்டேன் என்று ஜெபத்திலும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 24, சனி

விடியுமுன் கிளம்பினேன். வாசலில் அவர் டார்ச்சோடு நின்றார். "நானும் வாறேன்" என்றார். பையை வாங்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை, வலது தோளில் நானே போட்டுக்கொண்டேன். பாதி வழி வாயை அடக்கிக்கொண்டு வந்தார். பிறகு தாங்காமல் உர விலை, பஸ் நேரம், மைனியின் முட்டுவலி எல்லாம் பேசினார்.

குளத்தின் தெற்கு ஓரத்தில் மஞ்சமூக்கு நாரைகள். அலகைத் தண்ணீரில் திறந்து வைத்து மெள்ளத் துழாவிக்கொண்டு நின்றன. நல்ல வெளிச்சம். லென்ஸை உயர்த்தினேன். இடது கை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி உயர்த்தினேன். மறுபடியும் அப்படியே.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கு முன்னால் வந்து, வரப்பில் ஈரத்தையும் பார்க்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகை எனக்குக் காட்டி, தோர்த்துத் துண்டை மடித்துத் தன் தோளில் வைத்து அதைக் கையால் தட்டினார்.

"இதுல வை."

அவருக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன். அந்தத் தோளில் லென்ஸை வைத்தேன். கல்லில் வைத்தது போல் நின்றது.

"அந்த மஞ்ச மூக்கா?" என்று கேட்டார். படம் முழுவதும் குலுங்கியது.

"அனங்காதீங்க."

முப்பது வருடம் பஸ் நிறைய ஆட்களை அதட்டியவர். ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சையும் நிறுத்திவிட்டார், தோளில் தெரிந்தது. நாரை ஒன்று மீனோடு தலையைத் தூக்கி, இறக்கையை விரித்தது. ஓரத்து ரோஸ் நிற இறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்சம் கழித்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி கேட்டார்.

"மூச்சு விடலாமாட்டி?"

"இரிங்க. இன்னும் ஒண்ணு."