அம்பாசடரின் கூரை விழுந்த நாள்

நேற்று என் செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. புதிது வாங்கியிருக்கலாம். ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு எதையாவது தானே பழுது பார்க்காவிட்டால் உடம்புக்கு ஆகாது. பரணில் கிடந்த ரப்பர் பசை டின்னை நெம்பித் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் இடது கடைவாய்ப் பல் வலித்தது. அந்த இடத்தில் பல் கிடையாது. நீ உதிர்த்தது. இல்லாத பல்லையும் வலிக்கவைக்கிறாய், செத்து இரண்டு வருடம் கழித்தும்.

உங்க அப்பாவின் அம்பாசடரில்தான் நாம் இருவரும் பள்ளிக்கூடம் போனோம். முன்சீட்டில் நீ, பின்சீட்டில் பக்கத்து வீட்டு ஓசிப் பயணியாக நான். ஸ்டியரிங்கை ஒட்டி இடது பக்கம் கியர். அதற்கும் இடது பக்கம் உன் கன்னம். மூன்றாவது கியருக்கும் உன் கன்னத்துக்கும் அவர் வித்தியாசம் பார்த்ததே இல்லை. அதே கை, அதே வேகம். ஒருநாள் உன் தலை கதவுக் கண்ணாடியில் மோதிய சத்தத்துக்கு ரோட்டோரத்து மாடு திரும்பிப் பார்த்தது. நான் திரும்பவில்லை. இலஞ்சி வயல்களை அந்த வயதில் என்னைப் போல உன்னிப்பாகப் பார்த்தவன் எவனும் இருக்கமாட்டான்.

அவர் போனபிறகு கார் உன்னிடம் வந்தது. அந்தக் கையும் வந்தது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது, நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று, பதினேழு வயது மகளை அதே முன்சீட்டில், அதே இடது கையால் அறைந்தாய். உதடு கிழிந்து சீட்டில் ரத்தம் சொட்டியது. அவள் கதவைத் திறந்து இறங்கி, பஸ் பிடித்து, ஆலங்குளத்தில் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் உன் பெண்டாட்டி, என் மதினியும் பெட்டியோடு போனாள். மூன்று மாதம் உன் வீட்டில் சமையல் நடந்த லட்சணம் எனக்குத் தெரியும். பாதி நாள் என் வீட்டில்தான் தின்றாய்.

கடைசியில் போனில் உன் மகள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம். "அந்த சீட்ல நான் இனி உக்கார மாட்டேன்."

வேறொருவனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். நீ கத்தி வாங்கப் போனாய்.

குத்துக்கல்வலசையில் உன் தகரக் கொட்டகைக்குள் நடந்ததை வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்சீட்டைக் கழுத்திலிருந்து அடிவயிறு வரை ஒரே இழுப்பில் கிழித்தாய். உள்ளேயிருந்து நார் கொத்துக்கொத்தாகச் சரிந்தது. ஸ்பிரிங்குகளைக் குறடால் பிடுங்கினாய். வராததைச் சுத்தியலால் அடித்தாய். அதற்கும் மசியாததைக் காலால் மிதித்தாய். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கெட்டவார்த்தை. கூரைத் துணியை நகத்தால் பிறாண்டிக் கிழித்தபோது ஐம்பது வருடத் தூசி உன் தலையில் கொட்டியது. அந்த வெள்ளைத் தலையோடு நீ திரும்பியபோது அப்படியே உங்க அப்பா. எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"ஏலே, சீட்டைத்தானே மாத்துதோம்? கொலையா செய்யுதோம்?" என்றேன்.

"நீ பேசாத. பின்னால உக்காந்து வேடிக்கை பாத்த பயதான நீ," என்றாய்.

நாற்பது வருடம் கழித்துச் சொன்னாய் அதை. அதற்குப் பிறகு நான் ஒழுங்காக நார் அள்ளினேன்.

சீட்டுக்கு மெரூன் நிற ரெக்சின் தைத்து மாட்டியதுவரை சரி. கூரைதான் நம்மைக் கொன்றது. காருக்குள் வானம் மாதிரி விளக்கு மின்னும் வீடியோ ஒன்றை உன் மகள் எப்போதோ உனக்குக் காட்டியிருந்தாள். அதே மாதிரி வேண்டும் என்றாய். அட்டையில் நுரையும் கறுப்புத் துணியும் ஒட்டி, இருநூறு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் மயிரிழை போன்ற, நுனியில் ஒளி கசியும் கண்ணாடி நரம்பைச் செருக வேண்டும். நூற்றுப் பத்தாவது துளையில் என் டிரில் வழுக்கித் துணியை ஒரு முழம் கிழித்தது. நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். திறந்த வாயில்தான் குத்தினாய். நான் சீட்டுக் கம்பியால் உன் முட்டியில் போட்டேன். தொந்தி விழுந்த இரண்டு கிழட்டுக் காளைகள் கைலி அவிழ, நாருக்குள் புரண்டு, ஒருவன் காதை ஒருவன் கடித்தோம். மூச்சு வாங்கி நாமே நிறுத்தினோம். என் பல்லை நாருக்குள் தேடி எடுத்துக் கொடுத்தவனும் நீதான்.

மறுபடி புதுத் துணி, மறுபடி பசை. அன்று நல்ல சாரல். குற்றால சீசனில் துவைத்த துண்டே மூன்று நாள் காயாது; பசை எப்படிக் காயும்?

"காஞ்சிட்டாலே?"

"காஞ்சிட்டு."

"தொட்டுப் பாத்தியா?"

"பாத்தாச்சு. ஒட்டு சீக்கிரம், பசிக்கி."

நான் தொடவில்லை. ஒற்றைப் பல் போன வாயோடு புரோட்டா தின்னும் அவசரத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் போனோம். உன் மகள் வெளியே வந்து, குனிந்து உள்ளே பார்த்தாள். நீ விளக்கைப் போட்டாய். இருநூறு புள்ளிகளையும் பார்த்தாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மதினி வாசலிலேயே நின்றாள்.

"நீ வரலையா மதினி?" என்று கேட்டேன்.

"இவ முழுசா வீடு சேருதாளான்னு பாக்கேன். அப்புறம் வாரேன்," என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாலும் உனக்குத்தான் சொன்னாள்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் காற்று ஜன்னல் வழியாக உள்ளே புகுந்தது. உன் மகள் புது ரெக்சினைத் தடவிப் பார்த்தாள்.

"சீட்ட மாத்திட்டீங்கப்பா," என்றாள் மெதுவாக. "கை அதே கைதான?"

இடது கை எழுந்தது. அடுத்த நொடி கூரைத் துணி முழுவதும் பிய்ந்து நம் மூவர் தலையிலும் விழுந்தது. கண்ணாடி நரம்புகள் மினுங்கிக்கொண்டே முகத்தில் தொங்கின. அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கதவோடு ஒடுங்கினாள். உனக்கு ரோடு தெரியவில்லை. எதிரே லாரி ஹாரன் அடித்தது. எழுந்த கை அப்படியே மேலே போய்த் துணியை ஏந்திப் பிடித்தது.

அவள் விரலிடுக்கில் பார்த்தாள். அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கும் ஒரு கையால் கூரையுமாக, வியர்த்து வழிய ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கேவல் வந்தது. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அப்பா, கியர மாத்துங்க, நான் பிடிக்கேன்," என்று தன் கையைத் தூக்கினாள். தென்காசி வரை நீ கியர் மாற்றும்போதெல்லாம் அவள் தாங்கினாள். பின்சீட்டில் நான் இரண்டு கையும் தலைக்கு மேல் தூக்கி, சாமி கும்பிடுகிறவன் மாதிரி வந்தேன். மறுநாள் மதினி பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு நீ கை ஓங்கியதாக எனக்குத் தகவல் இல்லை. அந்த வீட்டில் எனக்கு வராத தகவல் கிடையாது.

உன் பதினாறாம் நாள் அன்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, அன்னைக்கு அப்பா கையத் தூக்குனது துணி விழுந்த பெறகா, அதுக்கு முன்னாலயா?"

பின்சீட்டிலிருந்து நான் பார்த்தேன். நான் பார்த்துவிட்டதை நீ பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாய். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே நீ போய்ச்சேர்ந்துவிட்டாய்.

"விழுந்த பெறகுதான் தாயி. விழாட்டா எதுக்குத் தூக்கணும்?" என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சித்தப்பா," என்று எழுந்துபோனாள்.

எந்த வீட்டு விஷயமும் என் வாயில் டீ ஆறும் நேரம்கூடத் தங்காது என்று ஊருக்கே தெரியும். அந்த ஒரு நொடி மட்டும் இத்தனை வருடமாகத் தங்கியிருக்கிறது. இறக்கி வைக்க இடம் பார்த்தேன். உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.