காயாத மண்

மார்ச் 3, திங்கள்

காலைத் தேநீரில் இன்றும் ஒன்று மிதந்தது. கடுகில் பாதிகூட இருக்காது, அதற்கும் இரண்டு இறக்கை. இவர் விரல் நுனியால் எடுத்துப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் குடித்தார். முன்பென்றால் ஒரு கிண்டலாவது வந்திருக்கும். ஜனவரியில் அச்சகத்தில் இவருடைய பிரிவை மூடினார்கள். அதோடு இவர் வாயையும் மூடிக்கொண்டார்.

மகள் விடவில்லை. ஜன்னலோர மேசையில்தான் அவள் படிப்பு, அதைச் சுற்றித்தான் என் செடிகள். "ம்மா, புத்தகத்துல இருக்கிற ஃபுல்ஸ்டாப் எல்லாம் எழுந்து பறக்குது. பரீட்சைக்குள்ள உன் காடு போகணும், இல்லன்னா நான் ஹாஸ்டலுக்குப் போறேன்."

காடும் போகாது, அவளும் போகமாட்டாள். பூச்சிதான் போகும்.

மார்ச் 5

கிண்ணத்தில் வினிகர் வைத்தேன். பழக்கூடையைச் சுற்றுகிற ஈக்கள் இரண்டு விழுந்தன. என்னுடையவை வேடிக்கை பார்த்தன.

தேடிப் படித்ததில் தெரிந்தது: இவை வேறு சாதி. பிறப்பே தொட்டி மண்ணில்தான். மேல்மண் ஈரமாக இருந்தால் முட்டை. முட்டையிலிருந்து நூல் போலப் புழு. புழுவிலிருந்து மறுபடி இது. மண் காய்ந்தால் வம்சம் முடிந்தது. எனவே இன்று முதல் தண்ணீர் கிடையாது. தொட்டிக்கு ஒரு மஞ்சள் பசை அட்டை. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான் ஒருத்திதானே.

மார்ச் 12

ஒட்டிய பூச்சிகளால் அட்டைகள் கறுத்துவிட்டன. ஆனால் மண் காயவில்லை. விரலை விட்டால் சேறு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு வாரமாக ஒரு சொட்டு ஊற்றவில்லை! அடியில் ஓட்டை அடைத்திருக்குமோ என்று குச்சியால் குத்திப் பார்த்தேன். திறந்துதான் இருக்கிறது. மணிபிளாண்ட் இலைகள் வேறு மஞ்சளாகின்றன.

உருளைக்கிழங்கை வில்லையாக அறுத்து மண்மேல் வைத்தால் புழு அதன் அடியில் வந்து சேருமாம். வைத்தேன். வந்தது, கும்பலாக. "அதுங்களுக்கு மட்டும் சிப்ஸா?" என்றாள் மகள்.

மார்ச் 14

மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, எல்லாத் தொட்டியிலும் காய்ந்த மணலைப் பரப்பினேன். இதில் எதுவும் முட்டையிட முடியாது. "உனக்குச் சண்டை போட ஆள் வேணும்மா, கிடைச்சிருச்சு" என்கிறாள் மகள். இருக்கட்டும்.

மார்ச் 15, சனி

அரைநாள் வேலை முடித்து வந்து முதலில் தொட்டிகளைத்தான் பார்த்தேன். காலையில் வெளுத்திருந்த மணல் கறுத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக ஒரு சின்னக் குழி. மேலிருந்து தண்ணீர் விழுந்த குழி.

நான் அலுவலகத்தில். மகள் வகுப்பில். வீட்டில் இருந்தது யார்?

கேட்க வாயெடுத்தேன். இவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

மார்ச் 18

அலுவலகத்தில் வரைந்துகொண்டிருந்த வரைபடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லி முற்பகலிலேயே கிளம்பினேன். வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது.

இஸ்திரி போட்ட சட்டை. மழித்த முகம். கையில் சமையலறைச் சொம்பு. நூல் போல விடுகிறார், நிறுத்துகிறார், இலையைக் கைக்குட்டையால் துடைக்கிறார், அடுத்த தொட்டிக்கு நகர்கிறார். அச்சடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பாரே, அதே முகம். இந்த வருஷத்தில் நான் அதைப் பார்க்கவேயில்லை.

சத்தமில்லாமல் படியிறங்கி அலுவலகத்துக்கே திரும்பிப் போனேன். தலைவலி போய்விட்டதா என்று கேட்டார்கள். அப்போதுதான் வந்திருந்தது.

மார்ச் 19

தங்கையிடம் மட்டும் சொன்னேன். "வாயத் திறக்காதக்கா. நாலு செடிய தூக்கிப் போடு, விடு. மனுஷனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு, அதையும் பிடுங்கணுமா?"

நியாயம்தான். ஆனால் நோயாளிக்கு இனிப்பை ஒளித்து வைப்பதுபோல இவரிடம் ஒன்றை ஒளித்தால், நாளை இன்னொன்றை ஒளிப்பேன். பிறகு மகளும் கற்றுக்கொள்வாள். ஒரு வீட்டில் ஒருவரைச் சுற்றி எல்லாரும் மெல்ல நடக்க ஆரம்பித்தால் அவர் எப்படி எழுந்து நடப்பார்?

இல்லை, சொல்லத்தான் போகிறேன்.

மார்ச் 20

சொல்லிவிட்டேன். நான் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "நீங்க ஊத்துற தண்ணியாலதான் பூச்சி வருது. வேரும் அழுகுது" — அவ்வளவுதான் வந்தது.

"ஆக, இதுவும் எனக்குத் தெரியல" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஐயோ, ஏன்டி சொன்ன? கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கக் கூடாதா? பூச்சி இருந்தா என்ன, குடியா முழுகிப் போச்சு —

மார்ச் 22

பேச்சு இல்லை. மண் காய்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

பால்கனியில் பழைய பேப்பரை விரித்து மணிபிளாண்டை வேரோடு கவிழ்த்தேன். வேரில் பாதி பழுப்பு, தொட்டால் கொழகொழ, நாற்றம். இவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

நிமிராமலே பேசினார். "நான் எந்த வேலைக்கும் அப்ளை பண்ணல. பண்ணேன்னு சொன்னதெல்லாம் பொய். நீங்க ரெண்டு பேரும் போனதும் சட்டையப் போட்டுக்குவேன். அப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியாது. செடி இருந்துச்சு."

ஆறுதல் சொன்னால் உடைந்துவிடுவார் போலிருந்தது. நானும்தான்.

"அந்தப் பக்கத்து வேரும் போச்சு. வெட்டுங்க" என்றேன்.

வெட்டினார். மண்ணை உதறி, மிச்சமிருந்த வெள்ளை வேரைப் புது மண்ணில் வைத்த பிறகு சொன்னார்: "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்னு மூணு நாளா நினைச்சிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்பவும் அப்படித்தான்." சிரித்தார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 29

புதிய அட்டைகளில் அங்கொன்று இங்கொன்று. இரண்டு செடிகள் பிழைக்காது, தூக்கிப் போட்டேன். மணிபிளாண்ட் நிற்கிறது. மகள் எதையும் கையால் விரட்டாமல் படிக்கிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

சாயங்காலம் மணியை அழுத்திவிட்டு நின்றேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பிறகுதான் பூட்டு கண்ணில் பட்டது.

இத்தனை மாதமாக இவர் வீட்டிலேயே இருந்ததால் என் சாவிக்கு வேலையே இல்லை. படியில் உட்கார்ந்து கைப்பையைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். "என்னம்மா, உன்னை வெளிய தள்ளிட்டாங்களா? அப்பா எங்க?"

"தெரியலடி. சட்டையப் போட்டுக்கிட்டு நிஜமாவே எங்கயோ போயிருக்கார்" என்றேன்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவி கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை.