மாட்டிய நாள்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை. நான் அனுப்புகிற செய்திகளை நீ படித்துவிட்டாய் என்று ஃபோன் காட்டுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன், நாளை மாலைக்குள் வந்துவிடும். ஆபீஸுக்கு அனுப்பாமல் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறேன். உன் மனைவி கையில் கிடைத்தால் அவளும் படிக்கட்டும். எனக்கு ஒளிவுமறைவு இல்லை.

முதலில் உன் அத்தானைப் பற்றி. இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை கட்டு. வலது கையில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பழையபடி ஸ்பேனர் பிடிக்க முடியுமா என்று கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். சாப்பாடு நான்தான் ஊட்டுகிறேன். முதல் நாள் வாயைத் திறக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஞ்சினையே பிரித்து மேய்கிற மனுஷன், சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிடாமல் பொத்தான் போடாத சட்டையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கு நடந்ததை உன் கம்பெனியில் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. சிறு தீ விபத்து என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்கிறேன், கேள். தீவுக்குப் போகிற காலை விமானம். பயணிகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. கேப்டன் இடது எஞ்சினைக் கிளப்பியதும் உள்ளே தீப்பிடித்தது. அதற்கென்றே எஞ்சினுக்குப் பக்கத்தில் தீயணைக்கும் உருளை ஒன்று இருக்கிறது. கேப்டன் கைப்பிடியை இழுத்தால், உருளையின் வாயில் இருக்கிற சின்ன வெடிக்குப்பி வெடித்து வாயைத் திறக்கும், வாயு பீறிட்டுத் தீயை அமுக்கும். கேப்டன் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். குப்பி செத்துப்போயிருந்தது. தரையில் நின்ற உன் அத்தான் கைத் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடி, கொதிக்கிற மூடியை வெறுங்கையால் நெம்பித் திறந்து உள்ளே அடித்தார். அந்த நேரத்தில்தான் எல்லாரும் இறங்கி ஓடினார்கள். ஒரு சின்னப் பெண்ணின் ஒற்றைச் செருப்பு விமானத்திலேயே கிடந்தது. பெருக்க வந்தவர் யாருடையது என்று தெரியாமல் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

குப்பி ஏன் செத்தது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குவேன், உன் மனைவிக்குப் புரியட்டும். விமானத்தில் சில பாகங்கள் பறக்கப் பறக்கத் தேயும். சில பாகங்கள் சும்மா கிடந்தாலும் நாளாக ஆகக் கெடும். ரப்பர் குழாய், உயிர்காக்கும் மிதவை, இந்த வெடிக்குப்பி எல்லாம் இரண்டாவது ரகம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது பாகத்துக்குப் பாகம் மாறும். சிலவற்றுக்கு விமானத்தில் மாட்டிய நாள், சிலவற்றுக்குப் பட்டறையில் கடைசியாகப் பிரித்துப் பார்த்த நாள், இந்தக் குப்பிக்குத் தயாரித்த நாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் வாங்கிய நாளிலிருந்தா காலாவதி பார்ப்போம்? அட்டையில் அச்சடித்த தேதியைத்தானே பார்ப்போம்? விஷயம் அவ்வளவுதான். இதைத்தான் உன் கம்பெனி எங்கள் விமான நிறுவனத்துக்குப் போட்டுக்கொடுத்த மென்பொருள் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கேட்கிறது.

முதல் விமானத்துக்கு நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று ஒவ்வொன்றாகப் போட்டோம். நீ அலுத்துக்கொண்டாய். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெச்சுட்டா என்னக்கா?" என்று கேட்டாய். "வெச்சா ஆளு செத்துடுவாங்கடா" என்றேன். நீ சிரித்தாய். உன்னைப் பார்த்து நானும் சிரித்தேன்.

பிறகு அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் லீவு போட்டேன். நீ ஆஸ்பத்திரிக்கு வந்து, "மிச்ச விமானத்தையெல்லாம் நானே முடிச்சுட்டேன், நீ அம்மாவைப் பாத்துக்கோ" என்றாய். என் தம்பிக்கு எவ்வளவு பொறுப்பு என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையடித்தேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததாக ஆபீஸில் எழுதியும் கொடுத்திருந்தாய். நான் திரும்பி வந்தபோது திரை முழுக்கப் பச்சை. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரு தேதி. தப்பான தேதியும் பார்ப்பதற்குச் சரியான தேதி மாதிரிதான் இருக்கும், தம்பி. எல்லாப் பாகத்துக்கும் ஒரே தட்டலில் 'மாட்டிய நாள்' என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டியதுமே உன் மென்பொருள் கிழட்டுக் குப்பியைப் பிறந்த குழந்தை ஆக்கிவிட்டது.

தீப்பிடித்த பிறகு மீதி விமானங்களையும் நிறுத்திவைத்துப் பாகம் பாகமாகப் பார்த்தோம். வளைத்தால் வெடிக்கிற அளவுக்கு விறைத்துப்போன ரப்பர் குழாய்கள் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டுதான் கடல் மேல் பறந்திருக்கிறோம்.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். அவசரம், அலுப்பு, மேலதிகாரி நெருக்கடி, மனுஷன் தவறுவான். ஆனால் போன வாரம் முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உன் கம்பெனியின் பதிலைப் படித்துக் காட்டினார். தேதிக் கணக்கு முழுவதும் வாடிக்கையாளரின் திட்டப் பிரிவு சொன்னபடியே அமைக்கப்பட்டதாம். கீழே உன் பெயர். திட்டப் பிரிவு என்றால் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாதா? ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க தம்பிதானேம்மா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டார். மறுநாள் என் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. விசாரணை முடிகிறவரை ஸ்டோர் ரூமில் டயர்களுக்கு நடுவே உட்கார வைத்திருக்கிறார்கள்.

அம்மா உன் பக்கம்தான். "சின்னப் பையன்டி, தெரியாம செஞ்சிருப்பான்" என்கிறாள். முன்மண்டை வழுக்கை விழுந்தாகிவிட்டது, இன்னும் நீ சின்னப் பையன். "தெரியாம செஞ்சது சரி. என் தலையில எழுதிக் கட்டினானே, அதுவும் தெரியாமலா?" என்று கேட்டேன். அம்மா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் ஒரு பாத்திரம்கூட இல்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

உன் அத்தானோ உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்வதில்லை. எனக்கு அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. "விடு, நம்ம வீட்டுப் பையன்" என்கிறார். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு விடு என்கிறார்! நீ இங்கே தங்கியிருந்தபோது உனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர் அவர். முதுகு வலிக்கிறது என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. நீ ஒரு முறையாவது அவரைக் கூப்பிட்டு, எப்படி இருக்கீங்க என்று கேட்டாயா?

என் வேலைக்காகக் கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. முதல் விமானத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, நான் இல்லாத நாட்களில் போட்டவைதான் தப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விசாரணை அதிகாரிக்குப் புரிந்துவிடும். நான் எழுதுவது வேறு காரணத்துக்காக. ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "இங்க செட் பண்ணதை அப்படியே காப்பி பண்ணி இன்னும் மூணு இடத்துக்குப் போட்டுட்டேன்கா. மாசக்கணக்குல இழுக்கிற வேலை, ஒரே வாரத்துல முடிஞ்சுது." நான் கைதட்டினேன்.

அந்த மூன்று இடத்தையும் பற்றித்தான் உன்னிடம் கேட்டேன், நீ ஒரே ஒரு முறை ஃபோனை எடுத்தபோது. "அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிடுவோம்கா. இப்ப வெளிய சொன்னா கம்பெனி பேரும் போயிடும், நானும் போயிடுவேன்" என்றாய். அதுவரை அந்த விமானங்கள் பறக்குமே என்றேன். "எல்லாமே உடனே தீப்பிடிச்சிடுமா என்ன?" என்றாய். தம்பி, நான் அப்போது தீக்காய வார்டு வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நர்ஸ் வந்து என்னை உட்கார வைத்தாள். நீ எப்போது இணைப்பைத் துண்டித்தாய் என்றும் தெரியாது.

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்ததும் நானே கூப்பிட்டேன். முதல் இடத்தில் என்னைப் போலவே ஒரு பெண். "எங்க கணக்குல தப்பே வராது மேடம்" என்று முதலில் சண்டைக்கு வந்தாள். ஒரே ஒரு குப்பியை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள் என்றேன். ஃபோனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் குரலே மாறியிருந்தது. அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது இடத்திலும் பார்த்துவிட்டு நன்றி சொன்னார்கள்.

மூன்றாவது இடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. அங்கே இருக்கிறவர் நான் சொல்வதைக் கேட்கவே இல்லை. "விசாரணையில இருக்கிற அம்மா நீங்கதானே? மென்பொருள் கம்பெனி எழுத்துல சொல்லட்டும், நிறுத்துறோம்" என்று வைத்துவிட்டார். என் வாயை அடைத்தது யார் என்று யோசித்துப் பார். விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமை நேரில் வருகிறார், அப்போது எழுதிக் கொடுங்கள் என்கிறார். அதுவரை அங்கே பிள்ளைகள் பறந்துகொண்டிருப்பார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நேரே வந்த பிள்ளைகள். தீப்பிடித்தால் எந்தக் கைப்பிடியை இழுக்க வேண்டும் என்று அவர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அந்தப் பள்ளியைக் கூப்பிடு. உன் மேலதிகாரியைக் கேட்காதே, வக்கீலைக் கேட்காதே. உன் பெயரைச் சொல்லி, விமானங்களை இறக்கி வையுங்கள் என்று சொல். இரண்டு வரி எழுதி அனுப்பு. உன் வேலை போகலாம். போனால் இங்கே வா, ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கு இந்த வீட்டில் பஞ்சமில்லை. உன்னோடு பேசமாட்டேன், ஆனால் தட்டு வைப்பேன்.

வியாழக்கிழமை அந்த அதிகாரி முன்னால் உட்காரும்போது நடந்தது நடந்தபடி சொல்லப்போகிறேன். ஒன்றையும் மறைக்கமாட்டேன், உன் பெயரையும் சேர்த்துத்தான். அதற்கு முன்னால் நீ சொல்லியிருந்தால், கடைசியில் "என் தம்பியே எல்லாத்தையும் சொல்லிட்டான் சார்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வழி விடு.

கோபம் அடங்காமல்,
உன் அக்கா