பச்சை வரிசையில் ஒரு பழுப்பு அட்டை

அன்புள்ள மகளுக்கு,

ஒருவன் ஆசைப்படும் வேலையை அவன் உடம்பே மறுக்கிறது என்று தெரிந்தால், அதை அவனிடம் யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டுகிற பொறுப்பில் இத்தனை வருடமாக இருக்கும் எனக்கே இதற்குப் பதில் தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். தம்பியும் நன்றாகத்தான் இருக்கிறான், அதாவது சாப்பிடுகிறான், தூங்குகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் குரலை வைத்தே நீ கண்டுபிடித்துவிடுவாய், பிறகு இரண்டு பேருமாகப் பயந்துகொண்டிருப்போம்.

எங்கள் பள்ளியில் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வாரம் நடக்கிறது. நீ படித்த காலத்தில் இது கிடையாது. சுவரில் பெரிய பலகை மாட்டி வரிசைகளுக்குத் தலைப்பு எழுதியிருக்கிறேன், வரிசைக்கு ஒரு நிற அட்டை, அறிவியலுக்கு நீலம், வணிகத்துக்குப் பழுப்பு, தொழிற்கல்விக்குப் பச்சை. பிள்ளைகள் மேசையிலிருந்து அட்டையை எடுத்துப் பெயரெழுதித் தங்கள் வரிசையில் குத்த வேண்டும். பிடித்ததைத் தேர்ந்தெடு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை என்று உனக்குத் தெரியும். அந்த வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாள் போய் நின்று பார், பிறகு வந்து சொல் என்பேன். தம்பியும் அப்படித்தான் ஒரு எலக்ட்ரீஷியனோடு போய் நின்றான், சாயங்காலம் சட்டையெல்லாம் சுண்ணாம்பும் தூசியுமாக வந்து, சுவருக்குள்ளே என்னவெல்லாம் ஓடுது தெரியுமாம்மா என்று சாப்பாட்டை ஆறவிட்டுப் பேசினான். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவன் முறை வந்தபோது பழுப்பு அட்டையை எடுத்துப் பச்சை வரிசையில் குத்தினான். அவன் கூட்டாளிகள் விடுவார்களா, டேய் கரண்ட் வேலையும் பாத்துட்டு பக்கத்துலயே கடையும் வைக்கப் போறியாடா என்று சிரித்தார்கள். அவனும் சிரித்து, கைல கிடைச்சத எடுத்துட்டேன் டீச்சர் என்றான், பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான், அது அவனுக்கு ஒரு வேடிக்கை. ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அவன் அட்டையைப் பார்க்கவில்லை, மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான். தப்பு என்ன என்பதை அந்த முகங்களில் தேடினான்.

ஒன்றை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று, வீட்டில் அலமாரியிலிருந்து பச்சை ஃபைலை எடுத்துவரச் சொன்னேன். மேல இருக்கா கீழ இருக்கா என்று கேட்டான். சின்ன வயதிலிருந்து எதை எடுக்கச் சொன்னாலும் அவன் இப்படித்தான் கேட்கிறான், சோம்பேறி, கண்ணால தேடமாட்டியா என்று நாம் எல்லோருமே கேலி செய்திருக்கிறோம். எனக்கு ஞாபகமில்லை, நீயே பார் என்றேன். ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் பழுப்பு ஃபைலைக் கொண்டுவந்தான். தேங்க்ஸ் என்று வாங்கிக்கொண்டேன். உன் தாத்தா, என் அப்பா, வாங்கிவரும் தக்காளியில் பாதி காயாக இருக்கும், கடைக்காரன் இளிச்சவாயன்னு நினைச்சு ஏமாத்திட்டான் என்று அவர் தலையில்தான் திட்டு விழும், அது நினைவுக்கு வந்தது. சிவப்பும் பச்சையும், ஏன் பழுப்பும்கூட, பிரித்தறியாத கண் தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போவதை நான் வருடாவருடம் அறிவியல் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். நடுவில், தனக்குக் குறையில்லாமல் மகனுக்குக் கடத்துகிறவளாக, பாதி தீட்டிய வட்டமாக நிற்கிற அந்த மகள் நான்தான் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நீயும் அப்படி ஒரு வட்டமாக இருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாளைக்கு உனக்கொரு ஆண்பிள்ளை பிறந்தால் நினைவு வைத்துக்கொள், இப்போது அதை யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

என் தூக்கம் போனது வேறொன்றால். இரண்டு வாரம் முன்பு அயர்ன் பாக்ஸின் பிளக் கருகிப்போக, தம்பிதான் புது பிளக் வாங்கிவந்து மாட்டினான். டேபிள் ஃபேனுக்கும் அப்பாவின் மேசை விளக்குக்கும் அவனே மாட்டினான். சிவப்பு வயரில் கரண்ட், பச்சை வயர் பெட்டியின் இரும்போடு சேர்கிற எர்த். அந்த இரண்டைத்தான் அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாறியிருந்தால் பெட்டியின் இரும்பு முழுக்கக் கரண்ட் ஏறும். அந்தப் பெட்டியை நான் தினமும் தொட்டேன், அப்பா தொட்டார், அவன் வெறுங்காலோடு தொட்டான். மூன்றையும் பிடுங்கி வைத்துவிட்டேன். மாறியிருந்தால் இத்தனை நாளில் ஷாக் அடித்திருக்குமே என்று அறிவுக்குத் தெரிகிறது, பயத்துக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் காரணம் சொல்லவில்லை, அவர் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போகிறார், வீட்ல இது என்ன புதுச் சிக்கனம், நம்ம எலக்ட்ரீஷியன் கோவிச்சுக்கப் போறான் என்கிறார். அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனால் வெள்ளை நூல்கண்டைக் காணோம், கறுப்பு நூலில் தைத்துவிட்டேன், அதையும் போட்டுக்கொண்டு போகிறார். பிளக்கைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ கேட்பாய். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடுமே.

நாளைக்குத் தொழிற்பயிற்சி மையத்தில் அவனுக்குக் கண் பரிசோதனை. புள்ளி புள்ளியாக நிறத்துக்குள் எண் ஒளித்த அட்டைகளைக் காட்டுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் தெரிந்துகொள்வதா, அதற்கு முன்னால் நான் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஊரார் பிள்ளைகளிடம் கூசாமல் உண்மையைச் சொல்கிறேன், என் பிள்ளையிடம் நாக்கு எழவில்லை.

நீயாக அவனுக்குப் போன் செய்து எதுவும் கேட்காதே. பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே, வலி தானாகப் போகும் என்று நினைக்கிற ஆள் நீ. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

உன் அம்மா

மறுநாள். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் தம்பி குளிக்கப் போனபோது பிளக்கைத் திறந்தேன். வயர்கள் சரியான இடத்தில் இருந்தன. சிவப்பு வயரில் வெள்ளை நூலால் ஒரு முடிச்சு, பச்சையில் இரண்டு முடிச்சு, கறுப்பில் ஒன்றுமில்லை. ஃபேனிலும் விளக்கிலும் அப்படியே. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் மேசையில் திறந்து கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டான். நூல்கண்டோட மூணையும் எலக்ட்ரிக் கடை அண்ணன்கிட்ட கொண்டுபோய், எந்த வயர் எதுன்னு கேட்டு முடிச்சு போட்டுட்டு வந்தேன், எனக்கு ரொம்ப நாளா தெரியும், சொன்னா நீ இந்த வேலைக்கு விடமாட்டே என்றான். எனக்கும் திங்கட்கிழமையிலிருந்து தெரியும் என்றேன். அப்பறம் ஏன் சொல்லல என்று கேட்டான். பயம் என்றேன். எனக்கும்தான் என்றான்.

பரிசோதனைக்கு நானும் போனேன். பரிசோதிக்கிறவர் அட்டையை எடுப்பதற்கு முன்பே, எனக்கு சிவப்பும் பச்சையும் தெரியாதுங்க என்று அவனே சொல்லிவிட்டான். இருந்தாலும் பார்க்கணும் தம்பி என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்தக் கண்ணுக்கும் தெரிகிற முதல் அட்டையை மட்டும் வாசித்தான். தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கை மூடித் திருகிவிட்டு, அயர்ன் பாக்ஸைப் போட்டு அப்பாவின் சட்டையை விரித்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். திரும்பிப் பார்க்காமல், இப்ப என் அட்டைய எந்த வரிசைல குத்தறது டீச்சர் என்று கேட்டான். தெரியலைடா என்றேன். காலர், கை, முதுகு என்று முழுச் சட்டையையும் தேய்த்து முடித்தான். ஒன்றும் ஆகவில்லை.