பக்கத்துத் தட்டு

டீச்சர்,

இன்று காலை புதிதாக வந்த சத்துமாவு பாக்கெட்டை வெட்டினேன். வறுத்த கோதுமையும் கடலையும் வெல்லமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே, உங்கள் கைக்கு எட்டாமல் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பழக்க தோஷம். "ருசி பாக்குறேன்க்கா" என்று ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வீர்கள். பிறகு உதட்டோரம் மாவு ஒட்டியிருக்க, பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று, "வாய் கழுவிட்டு வந்தீங்களா எல்லாரும்?" என்று கேட்பீர்கள். அதை நினைத்துத் தனியாக நின்று சிரித்தேன். சமையலறைக்குள் எட்டிப் பார்த்த ஒரு வாண்டு, "ஆயா சிரிக்குது" என்று ஊரைக் கூட்டிவிட்டது.

மாரண்டஹள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் அங்கன்வாடிப் பணியாளர் நீங்கள். இந்த ஊரிலேயே வாக்கப்பட்டு, இங்கேயே அடுப்படி பார்க்கும் உதவியாளர் நான். பதவியில் நீங்கள் மேலே, வயதில் நான் கொஞ்சம் மேலே. நீங்கள் என்னை அக்கா என்பீர்கள், நான் உங்களை டீச்சர் என்பேன். யார் பேச்சை யார் கேட்பது என்ற பஞ்சாயத்து மட்டும் கடைசிவரை தீரவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சோறு போடுகிற ஆயா பக்கம்தான் எப்போதும் கூட்டம் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் மையத்தின் நோக்கங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொன்னார்களே, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் அட்டையில் கலர் பேனாவால் அவ்வளவு பொறுமையாக எழுதினீர்கள். ஒவ்வொரு குழந்தையும் ஆரோக்கியமாகவும் பாதுகாப்பாகவும் வளர வேண்டும், விளையாட்டின் வழியே கற்க வேண்டும், தன் வேகத்தில் மலர வேண்டும், பிறரை மதிக்கப் பழக வேண்டும். ஓரத்தில் ஒரு மயில் வேறு வரைந்தீர்கள். அது கோழியா மயிலா என்று கேட்டதற்கு அன்று மதியம்வரை என்னோடு பேசவில்லை.

மாட்டி முடித்ததும் எப்படி இருக்கிறது என்று நீங்களாகத்தான் கேட்டீர்கள். என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

"எழுத்து நல்லாத்தான் இருக்குங்க டீச்சர். ஆனா யாரு படிக்கிறது? புள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியாது. தக்காளி பறிக்கப் போற அவங்க அம்மாங்களுக்கு நேரம் கெடையாது. செவுத்துல இருக்குற பல்லி வேணா படிக்கும்."

முகம் சுருங்கிப்போயிற்று உங்களுக்கு. ஆனால் மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வேறு ஆளாக இறங்கினீர்கள். "அக்கா, பல்லிக்கு எழுதுனது அங்கேயே இருக்கட்டும். புள்ளைங்களுக்கு வேற மாதிரி பண்ணுவோம். ஒவ்வொரு வரிக்கும் தெனமும் கையால செய்ற வேலை ஒண்ணு இருக்கணும்" என்றீர்கள். அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது. கை கழுவுவதற்கு ஒரு பாட்டு வந்தது. மண்டிக்குப் போகும் பழைய தக்காளிப் பெட்டிகள் நம் மையத்துக்குள் வந்து பஸ் ஆயின, கடை ஆயின, சமயத்தில் மாட்டுத் தொழுவமும் ஆயின. பிள்ளைகள் கூழாங்கல்லை ஏலம் விட்டுக் கத்துகிற கத்தலில் எனக்குக் குக்கர் விசில்கூடக் கேட்காது.

பிறரை மதிப்பதற்கு நீங்கள் கண்டுபிடித்தது சாப்பாட்டு நேரத்துப் பழக்கம். எல்லார் தட்டிலும் சோறு விழுந்த பிறகுதான் சாப்பிட வேண்டும். கை வைக்கும் முன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, பக்கத்துத் தட்டைப் பார்க்க வேண்டும். "பாத்தாச்சா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "பாத்தாச்சு!" என்று கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதற்கப்புறம்தான் முதல் வாய்.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆவி பறக்கப் பறக்க ஆக்கி இறக்கிய சாம்பார் சாதத்தை ஆற வைத்துச் சாப்பிடுவது என்ன வழக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டே பரிமாறினேன். கடைசி வரிசைக்கு நான் போவதற்குள் முதல் வரிசைப் பிள்ளைகள் என்னை முறைக்கிற முறைப்பு இருக்கிறதே! சம்பளம் தருகிறவர்கள்கூட என்னை அப்படி முறைத்ததில்லை.

அதே வருஷம்தான் அந்த மஞ்சள் வேன் நம் ஊர்ப் பக்கம் வர ஆரம்பித்தது. கழுத்தில் டை கட்டி, பை மாட்டி, மூன்று வயதுப் பிள்ளைகளை ஏ பி சி டி எழுத வைக்கும் பள்ளிக்கூடத்து வேன். அம்மாமார்களுக்கு அதன்மேல் ஆசை வந்ததில் தப்பே இல்லை. எந்த அம்மாவுக்குத்தான் தன் பிள்ளை இங்கிலீஷ் பேச ஆசையிருக்காது? ஆனால் பிள்ளைகள் குறைந்தால் நம் மையத்தைப் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் மையத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு கூடவே வந்தது. லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டிப் பச்சைப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? வேனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் காட்டு வரப்பில் உட்கார வேண்டியதுதான். உங்களைச் சித்தேரி மலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று நான் கிண்டல் செய்தேன். "அங்க தெனையும் தேனும் கெடைக்கும், நான் நல்லாத்தான் இருப்பேன். நீங்க யாருகூட சண்டை போடுவீங்க?" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். சிரித்தோம். சிரித்த கையோடு இரண்டு பேருமே வருகைப் பதிவேட்டில் பெயர்களை எண்ணினோம்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது முனிராஜ் வீட்டை. காடு கழனியும் மண்டியில் தக்காளி வியாபாரமும் இருக்கிற குடும்பம். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அவருக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். அவர் மகள் தன்ஷிகா வேனில் ஏறினால் பின்னாலேயே மற்றதுகளும் ஏறிவிடும். அவரோ, பள்ளிக்கூடம் திறந்ததும் வேன்தான் என்று மண்டியிலேயே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஒருநாள் காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, காதில் செருகிய பேனாவோடு உள்ளே வந்தார். முகம் சரியாக இல்லை. கையிலிருந்த படக்கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றீர்கள்.

"டீச்சர், எம்பொண்ணுக்கு என்னங்க சொல்லிக்குடுத்து வெச்சிருக்கீங்க? மண்டியிலிருந்து பசியோட வூட்டுக்கு வர்றேன். சோத்துல கைய வெச்சா புடிச்சிக்குது. 'அம்மாக்கு ஊட்டா எங்க?'ன்னு கேக்குது. எங்கம்மா வைஞ்சிப் பாத்தாச்சு, நானும் மெரட்டிப் பாத்தாச்சு. கைய உட மாட்டேங்குதுங்க."

அவர் மனைவி மஞ்சுளா ஆனேக்கல் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம்தான், சாப்பாட்டை ஊட்டா என்பாள். மகளுக்கும் அந்த வார்த்தையே ஒட்டிக்கொண்டது.

எனக்குச் சட்டென்று விளங்கியது. பக்கத்துத் தட்டைப் பார் என்று சொன்னோமே தவிர, அது இந்த நான்கு சுவருக்குள் மட்டும்தான் என்று நாம் சொல்லவே இல்லை. பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பா தட்டைப் பார்த்திருக்கிறது, பாட்டி தட்டைப் பார்த்திருக்கிறது, அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்குத் தட்டே இல்லை என்பதையும் பார்த்திருக்கிறது.

நீங்கள் புத்தகத்தை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என்னால் அப்படி நிற்க முடியுமா? கரண்டியும் கையுமாக வெளியே வந்தேன்.

"செரிங்க, நேத்து உங்க வூட்டுல யாரு கடைசியாச் சாப்புட்டாங்க?"

அவர் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "யாரும் கடைசியாச் சாப்புடலீங்க. எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்தோம். சட்டிய நடுவுல வெச்சி ஆளாளுக்குப் போட்டுக்கிட்டோம்" என்றவர், தலையைச் சொறிந்துகொண்டு, "அதாங்க பிரச்சினையே" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நீங்கள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினீர்கள். ஆனாலும் போகும்போது மறக்காமல், "வேனுக்குச் சொல்லியாச்சுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். முந்தைய நாள் நீங்கள் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நாமளும் ஏ பி சி டி எழுத வெச்சிருக்கலாமோ அக்கா?" அப்போதுதான் உங்கள் பயம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. பென்சில் பிடிக்கிற விரல் இன்னும் முற்றவில்லை, முதலில் மண் பிசையட்டும் என்று எனக்குப் பாடம் நடத்திய ஆள் நீங்கள். "பேசாம இருங்க டீச்சர். வர்றது வரட்டும்" என்று அதட்டினேன். தைரியத்தில் ஒன்றும் அதட்டவில்லை.

கூட்டத்தில் எல்லாரும் வேனைப் பற்றியே பேசினார்கள். அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத மஞ்சுளா, மூலையிலிருந்து எழுந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"இங்கிலீஷு அப்பறம்கூட வருங்க. நான் இந்த ஊருக்குக் கல்யாணமாயி வந்ததுலயிருந்து ஒரு நாளும் சூடாச் சாப்புட்டதில்ல. யாரும் வேணும்னு பண்ணல, அப்படியே பழகிப்போச்சு. எம்புள்ள இங்க வந்து கத்துக்கிட்டுப் போயி என்னைய உக்கார வெச்சிருக்கா. அவ எங்கயும் போவ மாட்டா. இங்கதான் இருப்பா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். முனிராஜ் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பவும் செருகினார். "அவ சொல்லிட்டா, அப்பறம் என்னங்க" என்றார். நீங்கள் நன்றி சொல்ல எழுந்தீர்கள், நன்றிக்குப் பதில் சத்துமாவுக் கொழுக்கட்டைத் தட்டை எடுத்து நீட்டினீர்கள். அங்கே இருந்த பாதிப் பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். புகை என்று சொல்லிச் சமாளிக்கக்கூட முடியவில்லை, அடுப்பு கேஸ் அடுப்பு.

வேனில் சில பிள்ளைகள் போகத்தான் செய்தார்கள், போய் நன்றாகவும் படித்தார்கள். ஆனால் நம் மையத்தை யாரும் எங்கேயும் சேர்க்கவில்லை. நீங்கள் சித்தேரிக்குப் போகவில்லை, என் சண்டைக்கும் ஆள் குறையவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் திறந்த புதிது. சோறு போட்டு முடித்து, வழக்கம்போல் நிலைப்படியில் கரண்டியோடு நின்றேன். "பாத்தாச்சா?" என்று கேட்டீர்கள். பதில் வரவில்லை. தன்ஷிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயாக்கு ஊட்டா எங்க?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. நான் அப்புறம் சாப்பிட்டுக்கொள்வேன், பாத்திரம் கழுவணும் சாமி, என்று என்னென்னவோ சொன்னேன். ஒரு கையும் சோற்றுக்குப் போகவில்லை. நீங்கள்தான் எழுந்து உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்து எனக்குப் பரிமாறினீர்கள். பாதிச் சாம்பார் தரையில். டீச்சர், சத்தியமாகச் சொல்கிறேன், உங்களுக்குப் பரிமாறத் தெரியாது. அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தேன். என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எல்லாரும் எனக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

நீங்கள் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டீர்கள். இதைக்கூட உங்களிடம் வாய் திறந்து சொல்லவில்லையே என்று முதலில் அழுதேன். இப்போது அழுவதில்லை. நாலு வருஷமாகப் பக்கத்து ஊர் டீச்சர்தான் கூடுதல் பொறுப்பாக வந்து போய்க்கொண்டிருந்தார். போன திங்கட்கிழமை நமக்கென்று ஒரு டீச்சர் வந்துவிட்டாள். சின்னப் பெண், பென்னாகரத்துப் பக்கம், நல்ல மாதிரி. முதல் நாள் மதியம் சோறு போட்டாயிற்று, நானும் உட்கார்ந்தாயிற்று. பிள்ளைகள் சாப்பிடவில்லை. அவள் பயந்துபோய் என்னிடம் குனிந்தாள்.

"ஏன் ஆயாம்மா யாருமே சாப்புட மாட்டேங்குறாங்க? சாம்பார் காரமா?"

"என் சாம்பாரு காரமெல்லாம் இல்ல. நீங்க இன்னும் உக்காரலீங்க டீச்சர்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வரிசையாக அத்தனை முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இவர்களில் ஒருவரும் உங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை டீச்சர். உங்கள் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது. பெரிய பிள்ளையைப் பார்த்துச் சின்னப் பிள்ளை, அதைப் பார்த்து அடுத்தது என்று கைமாறி வந்த பழக்கம். சேலையை ஒதுக்கிக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். "பாத்தாச்சு!" என்று கூரை அதிர்ந்தது.

நான் நன்றாக இருக்கிறேன். எனக்குத் தினமும் சோறு சூடாகக் கிடைக்கிறது.