கரண்டில்லாமல் பேசும் மைக் செட்

சென்னை,
11-1-1957

அன்புள்ள பிரகதாம்பாளுக்கு,

மைக் செட் பெட்டியும் நானும் ஒரே ரயிலில் வந்து சேர்ந்தோம். இருவருக்கும் சேதமில்லை. நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு விழுப்புரம் வரை தாங்கியது.

சேதம் இங்கே வாசலில்தான். ரேடியோ, ஒலிபெருக்கிப் பொருட்காட்சி என்று தோரணம் கட்டியிருந்தார்கள். வழக்கம்போல் துண்டைச் சும்மாடு கூட்டிப் பெட்டியைத் தலையில் வைத்தேன். பத்தடி போகவில்லை, நாலு பேர் மறித்துக்கொண்டார்கள். "யோவ், பெட்டியை எறக்கு. நீயே தூக்கிட்டுப் போனா நாங்க எதுக்கு இங்க நிக்கிறோம்?" என்றார் ஒருவர். பேச்சிலேயே நம் பக்கம் என்று தெரிந்தது. விசாரித்தால் ஆவுடையார்கோவில். பெயர் பெரியண்ணன். பொருட்காட்சியின் சுமை ஆட்களுக்கு அவர்தான் தலைவர்.

சொந்தப் பெட்டியானாலும் காண்ட்ராக்டரின் ஆட்கள்தான் தூக்க வேண்டுமாம். வாசலிலிருந்து உள்ளே நமக்கு ஒதுக்கிய கடைக்கு நூறு கெஜம் இருக்கும். அதற்குக் கட்டிய கூலி, புதுக்கோட்டையிலிருந்து எழும்பூருக்கு ரயிலில் கட்டியதைவிட அதிகம். "என்னை மொறைக்காதீங்க தம்பி. இதுல கால்வாசிதான் எங்க கைக்கு வருது. மிச்சமெல்லாம் காண்ட்ராக்டருக்கு" என்றார் பெரியண்ணன்.

மேசைக்கு வாடகை, நாற்காலிக்கு வாடகை, மேசை விரிப்புக்குத் தனியே வாடகை. விளக்குக்கும் ஒயருக்கும் ஒரு கட்டணம். என் செட் பாட்டரியில் ஓடுவது, எனக்குக் கரண்டே வேண்டாம் என்றேன். வேண்டாதவரும் கட்டத்தான் வேண்டும் என்றார் பொருட்காட்சிச் செயலாளர்.

போகட்டும். கார் பாட்டரியில் ஓடும் மைக் செட் இந்த மைதானத்தில் நம்முடையது ஒன்றுதான். கரண்டு வராத ஊர்தானே நாட்டில் அதிகம். பத்து செட்டுக்கு ஆர்டர் கிடைத்தால் ஊரில் நம் கடை பிழைக்கும். இல்லையென்றால் தையோடு பூட்ட வேண்டியதுதான். ஐப்பசியிலிருந்து நாகராசுவின் சம்பளத்தை நிறுத்தி வைத்துத்தான் இந்த இடத்துக்கு வாடகை கட்டினோம். நான் அதை மறக்கவில்லை என்று அவனிடம் சொல்.

உன்,
ஆத்மநாதன்

திருக்கோகர்ணம்,
15-1-1957

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலன்று கைக்கு வந்தது. அதுவே எனக்குப் பொங்கல். எழுத்தை இத்தனை நெருக்கி எழுதாதீர்கள், விளக்கடியில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நீங்கள் சொன்னதை நாகராசுவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான். "அண்ணன் அங்க மேசைக்கு வாடகை கட்டுது, நாற்காலிக்கு வாடகை கட்டுது. நான் பத்து வருசமா மைக் குழாயைக் கட்டிக்கிட்டு மரத்துலயே உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு வாடகையும் இல்லையா மதினி?" என்றான். நானும் சிரித்தேன். அப்புறம் அவன் போகாமல் நின்றுகொண்டே இருந்தான். அவன் வீட்டில் செவந்திக்கு இது நிறைமாதம். இருந்த அரிசியில் பாதியை அளந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

தைக் கல்யாணங்களுக்கு ஆட்கள் வந்து கேட்கிறார்கள். புது செட் மெட்ராசில் இருக்கிறது என்றால் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். பழைய செட்டுக்கு ஆலங்குடிக் கல்யாணம் ஒன்றுதான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் நல்ல சேதி எழுதுங்கள்.

பிரகதாம்பாள்

சென்னை,
21-1-1957

அன்புள்ள பிரகதாம்பாளுக்கு,

நல்ல சேதி இல்லை. இதை நிதானமாகப் படி.

விளக்குக் கம்பத்தில் ஏறிய நல்லதம்பி என்ற ஒயர்மேன் கீழே விழுந்து கை முறிந்துபோனது. எனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார் காண்ட்ராக்டர். சனிக்கிழமை முதல் சுமை ஆட்களும் ஒயர்மேன்களும் வேலை நிறுத்தம். நல்லதம்பிக்கு வைத்தியச் செலவு வேண்டும், கடைக்காரர்களிடம் வாங்கும் கூலியில் பாதியாவது தங்களுக்கு வரவேண்டும் என்று கேட்கிறார்கள். மைதானம் முழுக்க இருட்டு. பெரிய கம்பெனிகளின் ரேடியோக்கள் அலமாரி மாதிரி நிற்கின்றன. வாய் திறக்கக்கூடியது நம் செட் ஒன்றுதான்.

அதனால் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள்.

முதலில் பெரியண்ணன். வாசலில் கூட்டம் போட்டுக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. "ஒரு சாயங்காலம் குடுங்க தம்பி. நாங்க கேக்குறது ரோட்டுல போறவனுக்குக் கேட்டாப் போதும்" என்றார். பதிலுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. அதையும் அவரே சொன்னார்.

அடுத்து செயலாளர். குடியரசு நாளன்று கூட்டம் வரும். ஆனால் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஜனங்கள் திரும்பிப் போய்விடுவார்கள். நான் வாசலில் நின்று, பொருட்காட்சி நடக்கிறது, பயப்படாமல் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். அந்தக் கூட்டத்தோடு வெளி ஆட்களை உள்ளே விட்டு வேலையை நடத்திக்கொள்வார்களாம். எனக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் பத்து செட் எடுக்கவும் ஏற்பாடு செய்வாராம்.

இத்தனை நாளில் நம் கடைமுன் நின்று விலை கேட்டவர்கள் மூன்று பேர். நான் இப்போது ஒருவேளைதான் சாப்பிடுகிறேன், நீ கேட்டதால் எழுதுகிறேன். இருவரிடமும் இருபத்தைந்தாம் தேதி சொல்கிறேன் என்றேன். நீ என்ன சொல்கிறாய்? தபாலுக்காக வாசலிலேயே நிற்பேன்.

உன்,
ஆத்மநாதன்

திருக்கோகர்ணம்,
23-1-1957

அன்புள்ள மச்சானுக்கு,

நாகராசுவும் வேலையை நிறுத்திவிட்டான்.

திங்கட்கிழமை ஆலங்குடிக் கல்யாணம். பந்தலடிக்கு வந்தவன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "மூணு மாசச் சம்பளத்தை வச்சாத்தான் மரம் ஏறுவேன் மதினி. கோவிச்சுக்கிறாதீங்க. புள்ளை பொறக்கப் போவுது, வீட்டுல ஒரு வெள்ளைத் துணி இல்லை" என்றான். கெஞ்சிப் பார்த்தேன். தென்னை அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் குழாயை மாட்டு வண்டி மேல் வைத்துக் கட்டினோம். பந்தலுக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. "மைக் செட்டா இது? கெணத்துக்குள்ள தவளை கத்துற மாதிரி இருக்கு" என்று பெண் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் சொல்லி, பாதி வாடகை கொடுத்து அனுப்பினார். அதுவும் வண்டிக்காரருக்குத்தான் சரியாக இருந்தது.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். அங்கே பெரியண்ணன் கேட்பதும் இங்கே நாகராசு கேட்பதும் ஒன்றுதான். ஒருவருக்குக் கொடுப்பதற்கு மற்றவரிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. நாகராசு நம் ஆள். செவந்திக்கு வலி எடுத்தால் நான்தான் போய் நிற்க வேண்டும். வெறுங்கையோடு எப்படிப் போவேன்?

எது சரி என்று தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். செயலாளர் சொன்னபடி பேசுங்கள்.

பிரகதாம்பாள்

சென்னை,
27-1-1957

அன்புள்ள பிரகதாம்பாளுக்கு,

பேசிவிட்டேன்.

வாசலுக்கு எதிரே அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. நல்லதம்பி கழுத்தில் தூளி கட்டிய கையோடு முன்வரிசையில் இருந்தான். நான் மைக்கைப் பிடித்து, பொருட்காட்சி நடக்கிறது, பெரியோர்களே தாய்மார்களே உள்ளே வாருங்கள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் கோஷம் போட்டார்கள். என் குழாய்க்கு முன்னால் அது எடுபடவில்லை. ஜனங்கள் வந்தார்கள். அவர்களுக்கு நடுவே காண்ட்ராக்டரின் புது ஆட்களும் உள்ளே போனார்கள். மத்தியானத்துக்குள் விளக்கு எரிந்தது. சாயங்காலம் பெரியண்ணனையும் நல்லதம்பியையும் இனி வரவேண்டாம் என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது பெரியண்ணன் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தேன். குழாயை அண்ணாந்து பார்த்தார். "நல்லாக் கேட்டுச்சு தம்பி. ரோட்டுக்கு அங்கிட்டு வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்லிப் பாராட்டினார்கள். அவர் சொன்னது மட்டும் எனக்குக் காதை விட்டுப் போகவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் பத்து செட்டுக்கு முன்பணம் கொடுத்தார். நாகராசுவின் மூன்று மாதச் சம்பளமும், பிள்ளைக்கென்று மேலே பத்து ரூபாயும் மணியார்டர் அனுப்புகிறேன். பணம் எப்படி வந்தது என்று அவனிடம் சொல்ல வேண்டாம். நாலாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். பெட்டியை இறக்க அவனை ஸ்டேஷனுக்கு வரச்சொல். பத்து செட்டையும் அவன் கூட இருந்தால்தான் கட்டி முடிக்க முடியும்.

உன்,
ஆத்மநாதன்

திருக்கோகர்ணம்,
31-1-1957

அன்புள்ள மச்சானுக்கு,

மணியார்டர் நேற்று வந்தது. செவந்திக்கு முந்தாநாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பணத்தை எடுத்துக்கொண்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

நாகராசுவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பணத்தை எண்ணக்கூட இல்லை. அங்கே விளக்கணைந்ததை மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். "கரண்டு போனப்பவும் நம்ம செட்டு பேசுச்சா மதினி?" என்று கேட்டான். பேசியது என்றேன். "அத்தனை கம்பெனிக்காரனும் வாயப் பொத்திக்கிட்டு நின்னானா?" என்றான். ஆமாம் என்றேன். செவந்தியிடம் திரும்பி, "கேட்டியா, நான் கட்டின குழாய்" என்றான். பிறகு என்னிடம், "என்ன பேசுச்சு மதினி?" என்றான்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை மச்சான். பிள்ளையை என் மடியில் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேசச் சொல்லி எழுதியது நான் என்றும் சொன்னேன். "தெரியும். ஒங்களைக் கேக்காம அண்ணன் எதைச் செஞ்சுச்சு" என்றான்.

அதன் பிறகுதான் பணத்தை எண்ணினான். மூன்று மாதச் சம்பளத்தை மடியில் கட்டிக்கொண்டான். பத்து ரூபாயை என் பக்கம் நகர்த்தினான். "அது நான் வேலை செஞ்ச காசு. இது யாருக்குச் சேர வேண்டியதுன்னு அண்ணனுக்குத் தெரியும்" என்றான். பிள்ளைக்கென்று கொடுத்தது என்று சொல்லிப் பார்த்தேன். செவந்தி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை கடை திறக்கப் போனேன். மரம் ஏறும் கயிறு சுருட்டி வாசலில் வைத்திருந்தது. கோட்டைப்பட்டினத்தில் மீன் கூடை தூக்கும் வேலைக்குப் போகிறானாம், அவன் தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னார். அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். "மரம் ஏறி உச்சியில குழாயைக் கட்டுறவன் நான். அது அங்கேருந்து யாருக்குப் பேசுமுன்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அதற்குப் பதிலை நீங்களே வந்து அவனிடம் சொல்லுங்கள்.

பத்து ரூபாயை மாடத்தில் வைத்திருக்கிறேன். அதில் கை வைக்கப் போவதில்லை. பெரியண்ணன் எங்கே போனார் என்று கிளம்புவதற்குள் விசாரித்துப் பாருங்கள்.

நாலாம் தேதி ஸ்டேஷனுக்கு ஆள் வராது. சும்மாட்டுக்குத் துண்டை மேலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை நீங்களே தூக்கி வரலாம், இங்கே உங்களை யாரும் மறிக்க மாட்டார்கள்.

பிரகதாம்பாள்